இருநூறு நிமிஷம்

கலாசாலையின் விளையாட்டுக் கோஷ்டிக்கு யாரைச் சேர்ப்பது, யாரை விடுப்பது என்பதைக் குறித்து மாணவரிடையே ஆண்டுதோறும் வாதம் நிகழ்வதுண்டு. இன்னார் சேர்க்கப்பட்டது சரியா, இன்னார் விடப்பட்டது நியாயமா என்று விடுதியின் போஜனசாலையிலும் மைதானத்து மரநிழலிலும் நாட்கணக்காகப் பேசுவர். ஆயின் சேர்க்கப்பட்டவர்களை ஆட்டத்தில் எவ்விதம் உபயோகிப்பது என்பதைப் பற்றி எவரும் அத்துணைக் கவலை கொள்வதாகத் தோன்றவில்லை. திருவள்ளுவர் பொருட்பாலில் தெரிந்துதெளிதல் என ஓர் அதிகாரமும், அதனை அடுத்துத் தெரிந்துவினையாடல் என வேறோர் அதிகாரமும் வகுத்து வைத்தார். ஒருவனை ஆராய்ந்து தெளிதல் வேறு. தெளிந்தபின் அவனுக்குரிய வினையில் அவனை ஆளுதல் வேறு. முன்னது முடிந்த அளவில் பின்னதும் தானே முடிந்துவிட்டதென எண்ணுதல் தகாது. கூடைப்பந்தாட்டத்தில் இவ்வெண்ணத்தால் விளையும் தீங்கு யாது, அதனை நீக்கும் வழி யாது என்பனவற்றைக் குறித்து என் அபிப்பிராயத்தை இச்சஞ்சிகையின் வாயிலாகக் கூற விரும்புகின்றேன்.

கணக்கு மிக எளியது. சர்வதேச விதிப்படி ஆட்டம் 10 நிமிஷங் கொண்ட நான்கு பகுதிகளாக 40 நிமிஷம் நடைபெறும். ஒரு வேளையில் களத்தில் நிற்போர் 5 பேர். ஆகவே ஒரு கோஷ்டியின் பயிற்சியாளர் வசம் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஐந்து நாற்பது, அதாவது 200 நிமிஷம் உள்ளது. இரு பக்கத்தாரும் சமமாக நின்று மேலும் 5 நிமிஷம் ஆட நேர்ந்தாலன்றி, இதற்கு மேல் ஒரு நொடியையும் அவர் உண்டாக்க இயலாது. இந்த 200 நிமிஷத்தை 12 பேருக்குப் பங்கிட வேண்டும். எல்லோருக்கும் சமமாக வழங்கினால் ஒருவருக்கு 16 நிமிஷமும் 40 வினாடியும் கிடைக்கும். ஐவருக்கே முழுவதையும் ஈந்துவிட்டால் எஞ்சிய எழுவர்க்கு ஒன்றுமில்லை. இவ்விரண்டு எல்லைகட்கும் நடுவே எங்கு நிற்பது என்பதே கேள்வி. ஆடவர் கோஷ்டிக்காயினும் மகளிர் கோஷ்டிக்காயினும் கணக்கு இதுவே.

இக்கேள்வி இவ்வாட்டம் பிறந்த அன்று எழவில்லை. 1891-ம் வருஷம் டிசம்பர் மாதம், அமெரிக்காவிலுள்ள ஸ்பிரிங்பீல்டு நகரில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிக் கலாசாலையில் உபாத்தியாயராயிருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பார், குளிர்காலத்தில் வெளியே விளையாட வழியின்றி அமைதி குலைந்திருந்த ஒரு வகுப்பிற்காக இவ்வாட்டத்தைக் கற்பித்தார். பீச்சுப் பழங்கள் வைக்கும் இரண்டு கூடைகளும், காலாற் பந்தாடுவதற்குரிய ஒரு பந்தும், 13 விதிகளுமே அவர்தம் மூலதனம். அவ்வகுப்பில் மாணவர் 18 பேர். பக்கத்திற்கு ஒன்பதின்மராய் அனைவரும் ஆடினர். அன்று பெஞ்சியில் அமர்ந்திருந்தவர் ஒருவருமிலர் என்பதை நாம் கருத்தில் வைக்க வேண்டும். ஒரு வகுப்பு முழுவதற்கும் தேகப்பயிற்சியும் ஒழுங்கும் ஊட்டுதற்கென்றே இஃது உண்டாயிற்று. பக்கத்திற்கு ஐவர் என்பது 1897-ம் வருஷத்திலேதான் நிலைபெற்றது. பெஞ்சி அதன்பின் வந்தது.

நம் நாட்டிற்கும் இவ்வாட்டம் அச்சங்கத்தின் வழியாகவே வந்தது. முதல் ஆட்டத்தில் ஒரு பக்கத்துத் தலைவராயிருந்த டங்கன் பாட்டன் என்பார் 1894-ம் வருஷ வாக்கில் இதனை இந்தியாவிற்குக் கொணர்ந்தார் என்பர். ஸ்பிரிங்பீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பார் 1920-ம் வருஷம் சென்னையில் தேகப்பயிற்சி ஆசிரியர்களுக்கென ஒரு பாடசாலையை ஏற்படுத்தியபின், அங்குப் பயின்று வெளிப்போந்த ஆசிரியர்கள் சென்னையிலும் வெளியூர்களிலும் இதனைக் கற்பித்தனர். மிஷன் கலாசாலைகள் இவ்வாட்டத்தை ஏற்றது வெள்ளிக் கோப்பைக்காக மட்டுமன்று; இளைஞரின் உடலும் மனமும் ஒருங்கே வளர்வதற்காக. அந்நோக்கத்தை மறவாது நிமிஷக் கணக்கைப் பார்ப்போமாக.

ஆட்டக்காரரை மாற்றும் உரிமை எளிதில் கிடைத்ததன்று. அமெரிக்கக் கலாசாலை ஆட்டத்தில், களத்தைவிட்டு ஒருமுறை வெளிவந்தவர் அவ்வாட்டத்தில் மீண்டும் இறங்கலாகாது என்பதே பழைய விதி. 1920-21 பருவத்தில் ஒருமுறை மீளலாம் என்றாயிற்று. 1933-34 பருவத்தில் இருமுறை என்றாயிற்று. 1944-45 பருவத்திலேதான் எத்தனை முறை வேண்டுமாயினும் மாற்றலாம் என்னும் விதி வந்தது. இதற்கிடையே 1937-38 பருவத்தில், ஒவ்வொரு கூடை விழுந்தபின்பும் பந்தை நடுவிடத்திற்குக் கொணர்ந்து எறிந்து தொடங்கும் வழக்கம் நீக்கப்பட்டது. அதனால் இளைப்பாறும் நேரம் குறைந்து ஓட்டம் மிகுந்தது. ஆட்டத்தின் வேகம் மிக மிக, ஐவர் மட்டும் இறுதிவரை ஓடுதல் அரிதென்பதை உணர்ந்தே விதி வகுத்தோர் வாயிலை முழுதுந் திறந்தனர். அந்நாளைப் பயிற்சியாளர் விதியால் கட்டுண்டிருந்தார். இந்நாளைப் பயிற்சியாளரைக் கட்டியிருப்பது விதியன்று; தோல்வியைப் பற்றிய அச்சமே.

அவ்வச்சத்தால் முதலில் கேடுறுவோர் யாவர்? நன்றாக ஆடும் ஐவரேயாவர். இது விந்தையாகத் தோன்றலாம். களைப்பு ஒருவனிடத்து எவ்வாறு வெளிப்படுகின்றது என்பதை ஊன்றி நோக்குவோர்க்கு விந்தையன்று. கூடைக்குப் பந்தெறியும் ஆற்றல் கையில் இருப்பதாக நாம் நினைக்கின்றோம். அது பிறப்பது காலில். கால் சோர்ந்தவன் எறியும் பந்து வளையத்தின் முன்விளிம்பில் மோதிக் கீழே விழும். குறி தவறுவதற்கு முன்பே அவன் காவலில் தவறத் தொடங்கியிருப்பான். எதிரியின் முன்னே நகர்ந்து வழியடைக்க வேண்டிய இடத்தில் கால் எழாமையால் கையை நீட்டுவான். கை நீண்டால் நடுவர் ஊதுகுழலும் ஒலிக்கும். ஐந்து பவுல் ஆயின் அவன் வெளியேற வேண்டியதே. ஆகவே இரண்டாம் பகுதியில் மூன்று நிமிஷம் ஓய்வளிக்க மனமில்லாத பயிற்சியாளர், நான்காம் பகுதியில் அவனை அறவே இழந்து தவிக்கின்றார். சிக்கனம் என்றெண்ணிச் செய்தது பெருஞ் செலவாய் முடிகின்றது.

கலாசாலைகளுக்கிடையே நடைபெறும் பந்தயங்களிலே இக்கேடு இன்னும் பெரிது. ஆட்டங்கள் நாள் தவறாமல் தொடர்ந்து நடைபெறுங்கால், முதல் நாள் எளிய கோஷ்டியை எதிர்த்து 40 நிமிஷமும் ஓடிய ஐவர், இறுதி நாளில் வலிய கோஷ்டியின் முன் கனத்த காலோடு நிற்பர். முழங்காலிலும் கணுக்காலிலும் சுளுக்கும் முறிவும் உண்டாவதற்குக் காரணம் பல. களைத்த தசையானது மூட்டைத் தாங்குந் திறத்தில் குறைவதும் அவற்றுள் ஒன்று. இருபது வயதில் ஒரு கோப்பைக்காகக் கெட்ட முழங்கால் ஐம்பது வயதில் படியேறுகையில் நினைவூட்டும். கோப்பை கலாசாலையில் இருக்கும். முழங்கால் அவனோடு செல்லும்.

இனி எஞ்சிய எழுவரைப் பார்ப்போம். அவர்களுக்கு நிமிஷமே கிடைப்பதில்லை என்று சொல்லிவிட முடியாது. சில வேளைகளில் கிடைக்கின்றது. எவ்வேளைகளில்? நாம் முப்பது புள்ளி முந்தி நிற்கும்போதும், முப்பது புள்ளி பிந்தி நிற்கும்போதும். கூட்டம் கலையத் தொடங்கி, எதிர்க்கோஷ்டியாரும் ஊக்கங் குன்றிய இறுதி இரண்டு நிமிஷத்தில், "நீயும் போய் ஆடு" என்று அனுப்புகின்றனர். இது பந்தி முடிந்தபின் பாத்திரத்தை வழித்துப் போடுவதை ஒக்கும். அந்நிமிஷத்தில் அவன் கற்பது யாதுமில்லை; அவன் நன்றாக ஆடினும் நடப்பது ஒன்றுமில்லை, மோசமாக ஆடினும் நடப்பது ஒன்றுமில்லை. கோஷ்டிக்கு அவன் தேவையில்லை என்பதை எல்லோர் முன்னிலையிலும் அவனுக்கு அறிவிப்பதே அதன் பயன். நிமிஷங்களில் விலையுள்ள நிமிஷம் என்றும், விலையற்ற நிமிஷம் என்றும் இருவகையுண்டு. நான் கூற வந்தது இவ்வளவே: மாற்று ஆட்டக்காரனுக்கு அளிக்கப்படும் நிமிஷம் விலையுள்ளதாயிருத்தல் வேண்டும். அஃது ஐந்தாயினும் ஆகுக, மூன்றாயினும் ஆகுக. ஆட்டத்தின் முடிவு இன்னும் தீராத வேளையில் அளிக்கப்பட வேண்டும்.

பரிசுத்த வேதாகமத்தில் தாலந்துகளைப் பற்றிய உவமையை நாம் நன்கறிவோம். பெற்ற தாலந்தை நிலத்திற் புதைத்து வைத்த ஊழியனை அவன் எஜமான் கண்டித்தான். நம் மைதானங்களிலோ புதைப்பவன் ஊழியனல்லன், எஜமானே புதைக்கின்றான். ஆண்டு முழுவதும் விடியுமுன் எழுந்து ஓடி, மாலையில் பந்தெறிந்து பழகிப் பன்னிருவருள் ஒருவனாய் வந்தவனைப் பெஞ்சியிற் புதைத்துவிட்டு, ஆண்டிறுதியில் "இவனால் பயனில்லை" என்று கணக்கு முடிப்பது எவ்வாறு நியாயமாகும்?

மேலும், கலாசாலைக் கோஷ்டி ஒரு தொழிற்சாலையின் கோஷ்டியையோ, போலீசாரின் கோஷ்டியையோ போன்றதன்று. அங்கே நல்ல ஆட்டக்காரர் பத்தாண்டு இருப்பர். இங்கே பி. ஏ., பி. எஸ்ஸி. வகுப்பிற்கு மூன்றே ஆண்டு. ஒவ்வோராண்டும் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் பட்டம் பெற்று வெளியேறுவர். இவ்வாண்டு பெஞ்சியில் இருப்பவனே அடுத்த ஆண்டு முதல் ஐவருள் ஒருவன். நெருக்கடியான ஓர் ஆட்டத்தில் ஒரு நிமிஷமேனும் நின்றறியாத அவன், அடுத்த ஆண்டு முதல் ஆட்டத்தில் கைநடுங்கினால் குற்றம் யாருடையது? விதை நெல்லையும் சேர்த்துச் சமைத்துண்ட குடியானவன் மறுபருவத்தில் வானத்தை நோக்குவது போலாம்.

அமெரிக்க நாட்டிலே ஆட நிமிஷம் கிடையாத மாணவன் இந்நாளில் வேறு கலாசாலைக்குச் சென்றுவிடுகின்றான். அங்கே கலாசாலை மாற விரும்பும் ஆட்டக்காரர்களின் பெயர்களைப் பதியும் ஏற்பாடு 2018-ம் வருஷத்தில் உண்டாயிற்று. மாறியவன் ஓராண்டு ஆடாதிருக்க வேண்டுமென்றிருந்த தடை 2021-ம் வருஷத்தில் ஒருமுறை மாறுவோர்க்கு நீக்கப்பட்டது. 2024-ம் வருஷத்தில் அவ்வரம்பும் போயிற்று. நம் மாணவர் அவ்விதம் கலாசாலையை விட்டுப் போவதில்லை. மைதானத்தை விட்டுப் போய்விடுகின்றனர். முதலாண்டில் பந்தோடு வந்தவன் மூன்றாமாண்டில் பார்வையாளருள் ஒருவனாகவும் காணப்படான்.

நிமிஷத்தைப் பங்கிடுதலில் பேர்பெற்ற சிலரின் முறைகளை இங்குக் குறிப்பிடுதல் பயன்படும். வட கரோலினா சர்வகலாசாலையில் 1961 முதல் 1997 வரை பயிற்சியாளராயிருந்த டீன் ஸ்மித் என்பார் 879 வெற்றிகளும் 1982, 1993 ஆகிய இரு வருஷங்களில் தேச விருதும் பெற்றவர். அவர் கோஷ்டியில் ஒரு வழக்கம் இருந்தது. களைத்த ஆட்டக்காரன் தன் கையை முஷ்டியாக மடக்கி உயர்த்திக் காட்டுவான். உடனே அவனுக்குப் பதில் வேறொருவர் இறங்குவார். இளைப்பாறியபின் தான் ஆடத் தயார் என்று அவனே சொல்லி மீண்டும் இறங்கலாம். களைத்தும் காட்டாது ஒளித்து ஓய்ந்து ஆடியவனைப் பயிற்சியாளரே வெளியே அழைப்பின், மீள்வது அவர் விருப்பத்தைப் பொறுத்தது. இதன் நுட்பத்தைக் காண்க. ஓய்வு கேட்பவன் தன் இடத்தை இழப்பான் என்னும் பயத்தை அவர் அகற்றினார். அப்பயம் அகன்றாலன்றி எந்த வாலிபனும் தான் களைத்ததாக ஒப்புக்கொள்ளான். இன்னும், முதற்பாதியில் மாற்று ஆட்டக்காரர் ஐவரை ஒரு தொகுதியாகச் சில நிமிஷம் இறக்கும் வழக்கமும் அவரிடம் இருந்தது. நான் மேலே கூறிய விலையுள்ள நிமிஷம் இதுவேயாம்.

அவ்விதம் பழக்கப்பட்ட ஒருவன் நெருக்கடியில் என்ன செய்வான் என்பதற்கு, அகஸ்தீன் சபைத் துறவிகள் நிறுவிய வில்லனோவா கலாசாலை சான்று பகரும். 1985-ம் வருஷம் தேச விருதுக்கான இறுதியாட்டத்தில் அது முந்திய ஆண்டு வென்ற ஜார்ஜ்டவுன் கோஷ்டியை 66க்கு 64 என்ற கணக்கில் வென்றது. வில்லனோவா அன்றெறிந்த 28 எறிதலில் 22 கூடையில் விழுந்ததை இன்றும் வியந்து பேசுவர். அவற்றுள் பெஞ்சியிலிருந்து வந்த ஹெரால்டு ஜென்சன் என்னும் இரண்டாமாண்டு மாணவர் எறிந்தவை ஐந்து, ஐந்தும் விழுந்தன, அவர் சேர்த்தவை 14 புள்ளி. வித்தியாசமோ இரண்டே புள்ளி. அவ்வாறாவது ஆட்டக்காரரை வில்லனோவா அன்று முதன்முதலாக நம்பவில்லை. பருவம் முழுவதும் நம்பி வந்தது.

கென்டக்கி சர்வகலாசாலை 2014-15 பருவத்தில் பத்துப் பேரை இரண்டு ஐவராகப் பிரித்து, ஒரு தொகுதி இளைப்பாற மற்றொன்று ஆடும் முறையைக் கையாண்டது. டிசம்பரில் ஓர் ஆட்டக்காரர் முழங்காலில் காயமுற்றதால் அம்முறை அப்படியே நீடிக்கவில்லை. எனினும் நிமிஷத்தைப் பலருக்கும் பகிரும் வழக்கம் நின்றது. அக்கோஷ்டி 38 ஆட்டங்களில் தொடர்ந்து வென்று, அரையிறுதியில் விஸ்கான்சினிடம் 71க்கு 64 என்று தோற்றது. குறைந்த நிமிஷம் ஆடினால் புகழ் குறையும் என்று அஞ்சுவோர் இதனை நோக்குக: ஆட்டத்திற்குச் சராசரி 21 நிமிஷமே ஆடிய கார்ல் அந்தோனி டவுன்ஸ் என்பார் அவ்வாண்டே தொழில்முறைக் கோஷ்டிகளின் தேர்வில் முதல்வராக எடுக்கப்பட்டார். அப்பருவத்தில் முதல் ஐவருள் ஒருவராக இறங்காத டெவின் புக்கர் பதின்மூன்றாமவராக எடுக்கப்பட்டார். அக்கலாசாலையிலிருந்து அவ்வாண்டு எடுக்கப்பட்டவர் மொத்தம் அறுவர்.

முறை நல்லதாயினும் நோக்கம் தவறினால் என்னாகும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. அயோவா மாகாணத்திலுள்ள கிரின்னல் கலாசாலையில் டேவிட் ஆர்சனோ என்னும் பயிற்சியாளர், ஐவரை ஒருங்கே இறக்கி, ஒரு நிமிஷத்திற்குள்ளாகவே ஐவரையும் ஒருங்கே மாற்றும் விந்தையான முறையைக் கையாண்டார். எல்லோரும் மூச்சுமுட்ட ஓடலாம், எல்லோருக்கும் பங்குண்டு. ஆயின் 2012-ம் வருஷம் நவம்பரில் அதே கலாசாலையில் ஜாக் டெய்லர் என்னும் மாணவர் ஓராட்டத்தில் 36 நிமிஷம் ஆடி, 108 முறை எறிந்து, 138 புள்ளி சேர்த்தார். பத்திரிகைகள் யாவும் அவர் பெயரையே அச்சிட்டன. பலருக்கென ஏற்பட்ட முறை அன்று ஒருவருக்கு உழைத்தது. அடிக்கடி மாற்றுதல் மட்டும் பங்கீடு ஆகிவிடாது. யாருக்காக மாற்றுகின்றோம் என்பதே அதன் உயிர்.

நிற்க. நான் சமபங்கீட்டை வேண்டுகின்றேனென ஒருவரும் கருதலாகாது. திராட்சத் தோட்டத்தில் கடைசி வேளையில் வந்தவனுக்கும் முழுக்கூலி அளித்தது இறைவனின் கிருபையை விளக்கும் உவமை; அதனைப் பந்தாட்டத்திற்கு விதியாக்குதல் பொருந்தாது. திறமையும் உழைப்பும் மிக்கவன் மிக்க நிமிஷம் ஆடுதலே முறை. என் மதிப்பீட்டில் 200 நிமிஷத்தைப் பின்வருமாறு வகுக்கலாம். முதல் ஐவருக்குத் தலைக்கு 28 வீதம் 140. அடுத்த மூவருக்குத் தலைக்கு 14 வீதம் 42. எஞ்சிய 18 நிமிஷம் கடைசி நால்வருக்கு. ஒவ்வோர் ஆட்டத்திலும் நால்வரையும் இறக்க இயலாதாயின், இவ்வாட்டத்தில் இருவர், மறு ஆட்டத்தில் இருவர் என முறைவைக்கலாம். எவ்வாறாயினும் அந்த 18 நிமிஷமும் முதற்பாதியில் அளிக்கப்பட வேண்டும். அப்பொழுது நேர்ந்த பிழையைத் திருத்த இரண்டாம் பாதி முழுவதும் இருக்கின்றது. ஆட்டம் நெருங்கி நிற்கும் இறுதி ஐந்து நிமிஷத்தில் தலைசிறந்த ஐவரே நிற்கட்டும். அதை மறுப்போர் யாருமிலர். அவர்களும் 28 நிமிஷத்தின் வலிமையோடு நிற்பார்களேயன்றி 40 நிமிஷத்தின் சோர்வோடு நிற்கமாட்டார்கள்.

ஓய்வளிப்பதிலும் ஒரு யுக்தி உண்டு. முதற்பகுதி முடிய இரண்டு நிமிஷம் இருக்கையில் ஒருவனை வெளியே அழைத்தால், அந்த இரண்டு நிமிஷமும், பகுதிகளுக்கிடையே விதிப்படி விடப்படும் இரண்டு நிமிஷமும், அடுத்த பகுதியின் முதல் நிமிஷமும் அவனுக்கு ஓய்வாகும். பந்து களத்துக்கு வெளியே செல்லும்போதும் பவுல் எறியும்போதும் கடிகாரம் நின்று நிற்பதால், அவன் இளைப்பாறும் நேரம் உண்மையில் இன்னும் மிகுதி. ஆட்டத்தில் மூன்று நிமிஷத்தைச் செலவிட்டு அதனினும் இருமடங்கு ஓய்வைப் பெறலாம். அமெரிக்கப் பயிற்சியாளர்கள் ஒலிபரப்பிற்கென ஏற்பட்ட இடைநிறுத்தங்களுக்குச் சற்று முன்னே சிறந்த ஆட்டக்காரனை வெளியே அழைப்பது இக்கருத்தினாலேயே. ஐவரையும் ஒருங்கே மாற்றாது ஒருவர் இருவராக மாற்றினால், புதிதாய் இறங்குவோன் பழகியவரிடையே நின்று ஆடும் துணிவும் பெறுவான்.

இவ்வனைத்தினும் முக்கியமானது வெளிப்படையாகப் பேசுதல். பயிற்சியாளர் ஆட்டத்திற்கு முந்திய நாள் பன்னிருவரையும் அழைத்து, "நீ இரண்டாம் பகுதியின் தொடக்கத்தில் இறங்குவாய், எதிர்க்கோஷ்டியின் இன்ன எண்காரனைக் காப்பது உன் வேலை, இரண்டு கூடை தவறினாலும் உன்னை உடனே வெளியே அழைக்கமாட்டேன்" என்று அவரவர்க்குரியதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு தவறுக்கே வெளியே இழுக்கப்படுவோம் என்று அஞ்சுகின்றவன் பந்தைப் பாரான்; பெஞ்சியையே திரும்பித் திரும்பிப் பார்ப்பான். இன்றைய ஆட்டத்தில் இறங்காதவனுக்கும் அதன் காரணத்தை நேரே சொல்லுதல் வேண்டும். இளைஞர் கசப்பான செய்தியைத் தாங்குவர், மௌனத்தைத் தாங்கார்.

இதற்கு மறுப்பாகக் கூறப்படுவன இரண்டு. ஒன்று, "கோப்பை போய்விட்டால் யார் பொறுப்பு?" என்பது. மேலே காட்டிய கோஷ்டிகள் நிமிஷத்தைப் பகிர்ந்தே வென்றன. அன்றியும், பகிர்ந்ததனால் ஓர் ஆட்டத்தில் தோற்க நேர்ந்தால், அத்தோல்வியைக் கலாசாலை தாங்கிக்கொள்ளட்டும். பரீட்சையில் தேறும் மாணவரை மட்டும் வகுப்பில் வைத்துப் பாடஞ் சொல்லும் கலாசாலை நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டலாம். அதனைக் கல்விச்சாலை என்று நாம் ஒப்புவதில்லையே. இரண்டாவது, "மாற்றினால் ஆட்டத்தின் ஓட்டம் கெடும்" என்பது. பழகாதவரை மாற்றினால் கெடும், உண்மை. முதல் ஐவரும் எப்பொழுதும் தமக்குள்ளேயே ஒரு பக்கமாகப் பழகுவதால் நேர்வது அது. வாரத்தில் இரண்டு நாளேனும் பன்னிருவரையும் கலந்து பிரித்துப் பழக்கினால் அக்குறை தானே நீங்கும்.

பெஞ்சியிலிருக்கும் மாணவ நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. நிமிஷம் உரிமையாகக் கிடைப்பதன்று. அதற்கு ஆயத்தமாயிருத்தல் உங்கள் கடன். அமர்ந்திருக்கும் நேரத்தில் எதிரி எந்தக் கையால் எறிகின்றான், எப்பக்கம் திரும்புகின்றான் என்பதைக் கவனித்து வைத்தவனே இறங்கியவுடன் பயன்படுவான். களத்திலுள்ள முதல் ஐவருக்கும் ஒரு வார்த்தை. வெளியே அழைக்கப்படுங்கால் முகஞ்சுளியாது வந்து, உள்ளே செல்வோனின் தோளைத் தட்டி அனுப்புங்கள். அவனுக்கு வேண்டிய தைரியத்தில் பாதியை நீங்களே அளிக்கின்றீர்கள்.

முடிவாக, கலாசாலை அதிகாரிகளுக்கு ஒரு சிறு விண்ணப்பம். ஒவ்வோராண்டும் இச்சஞ்சிகையில் விளையாட்டறிக்கை வெளிவருகின்றது. யார் எத்தனை புள்ளி சேர்த்தனர், எக்கோப்பை வெல்லப்பட்டது என்பன அதில் முறையாகக் காணப்படுகின்றன. வருகிற ஆண்டு முதல் இன்னும் ஒரு பத்தி அதில் சேரட்டும்: பன்னிருவரும் அப்பருவத்தில் ஆடிய நிமிஷம் எத்தனை, அவற்றுள் முதற்பாதியில் ஆடியவை எத்தனை என்பது. கணக்கெழுதும் மேஜையில் ஒரு மாணவரும் ஒரு கடிகாரமும் இருந்தாற் போதும்; செலவு ஒன்றுமில்லை. அச்சில் ஏறும் கணக்கை எவரும் அலட்சியம் செய்யார். பழைய மாணவர் அதனைப் பார்த்து, கோப்பைகள் எத்தனை என்று கேட்பதோடு, இக்கலாசாலையில் எத்தனை பேர் உண்மையாகவே ஆடினர் என்றும் கேட்பாராக. அக்கேள்விக்குப் பன்னிரண்டு என்று தலைநிமிர்ந்து விடை கூறத்தக்க நாள் வருமாயின், நெய்ஸ்மித் தம் வகுப்பு முழுவதையும் இறக்கி ஆடுவித்த அவ்வாட்டத்திற்கு நாம் நியாயம் செய்தவர்களாவோம்.